இயன்றவரை

சிந்தாதிரிப்பேட்டையில்
ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம்.
மூன்று பேர், இரண்டு நாற்காலி.
கீழே எந்திரம் ஓடினால்
மேஜையில் தேநீர் நடுங்கும்.

ஆறு வருடமாக
ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கு நிற்கிறோம்.

விதி பதினேழு, உட்பிரிவு இரண்டு:
'வார்டு உறுப்பினர்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
பகுதி மக்களைக் கூட்டலாம்.'

லாம்.
அந்த லாமில்தான் எல்லாம் போச்சு என்பார் உமாபதி.
கூட்டலாம், கூட்டாமல் இருக்கலாம்,
கூட்டியதாக எழுதிக்கொள்ளலாம்,
வருகைப் பதிவேட்டில்
செத்தவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம்.

எங்களுக்கு வேண்டியது ஒரு 'வேண்டும்'.

அதற்காகக் கோட்டையில்
நுழைவுச் சீட்டுக்கு நாங்கள் நின்ற வரிசைகளை
ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால்
எண்ணூர் வரை போகும்.
ஃபர்ஜானா ஒருமுறை எட்டு மாத வயிற்றோடு நின்றாள்.
அந்தப் பையன் இப்போது யூ.கே.ஜி.
பிரிவு அலுவலர் மாறினார்,
துணைச் செயலர் மாறினார்,
கொடிகள் மாறின.
மின்விசிறிக்கு மட்டும் அதே கிறீச்.

'மக்களைக் கூட்டினா என்ன கேப்பாங்க சார்?
எல்லாத்தையும் கேப்பாங்க'
என்றார் ஒருவர். நல்ல மனிதர்,
எங்களுக்கு மோர் வரவழைத்தவர்.
நான் சிரித்தேன்.
சிரித்ததற்காக
பல்லவன் சாலை தாண்டும்வரை
என்மேல் எனக்கே எரிச்சல்.

எங்கள் தெருவைப் பெருக்கும் தனபாக்கியத்திடம்
வரைவை ஒருநாள் படித்துக் காட்டினேன்.
கூட்டலாம் என்றதும்
துடைப்பத்தை நிமிர்த்தினாள்.
'எனக்கு யாரும் கூட்டலாம்னு சொன்னதில்லையே சார்.
கூட்டுன்னுதான் சொல்றாங்க.
ஒருநா கூட்டலைன்னா கூலில பிடிப்பாங்க.
அவருக்கு மட்டும் எதுக்கு லாம்?'

நாற்பத்தாறு பக்கம் எழுதியிருக்கிறோம்,
அடிக்குறிப்புகளோடு.
அதில் எங்கும் இந்தக் கேள்வி இல்லை.

போன மாசியில் திருத்தம் வந்தது.
உமாபதி கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கடைசிச் சொல்லில் இருந்து பின்னோக்கிப் படித்தார்.
வேண்டும், என்றார்.
ஃபர்ஜானா கத்திய கத்தலில்
ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார்.
கூட்ட வேண்டும், என்றார்.
பிறகு ஏனோ நிறுத்தினார்.

இயன்றவரை கூட்ட வேண்டும்.

யார் நுழைத்தது?
எந்த மேஜையில், எந்த மதியத்தில்,
யாருடைய மோர் குடித்தபின்?
அன்று யாரும் பேசவில்லை.
கீழே எந்திரம்
யாருடைய வாடகை ஒப்பந்தத்தையோ
நகலெடுத்துக்கொண்டே இருந்தது.

தனபாக்கியத்துக்கு விஷயம் சொன்னோம்.
குப்பை வண்டிப் பிடியில் கை வைத்தபடி கேட்டாள்:
'அவர் கூட்டலைன்னா நாமளா கூடலாம்ல?'

உமாபதி புத்தகத்தைப் புரட்டினார்.
முதலில் விதிகள், பிறகு துணைவிதிகள்,
பிறகு மெதுவாக, மூலச்சட்டம்.
எங்கும் தடையில்லை.
ஆறு வருடம் நாங்கள் அடித்துத் திருத்திய அதே லாம்
அவள் வாயிலிருந்து வந்தபோது
பேனாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் கடை வாசல்.
பதினொரு பேர்.
குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை,
அணைந்த விளக்குக் கம்பம்,
ஸ்டெல்லாவின் மீன் வண்டி எங்கே நிற்பது.
வண்டி பற்றி ஒருமணி நேரச் சண்டை.
தீரவில்லை.
குழாய்க்கு மட்டும் ஒரு தேதி குறித்தோம்.
பாதியில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார்,
செருப்பை மறந்ததால் திரும்பி வந்தார்,
வந்தவர் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு
மறுபடி கோட்டை வரிசை.
'இயன்றவரை'யை எடுக்கச் சொல்லி மனு.
ஃபர்ஜானா பின்னால் இணைத்திருக்கிறாள்
பதினொரு கையெழுத்து.
எல்லோரும் உயிரோடிருப்பவர்கள்.